எம் அளவு

அறுபத்திரண்டு பெம்பர்ஸ்.
இடுப்புப் பக்கமிருந்து இறுக்கிச் சுருட்டி
ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட்.
பசை கூடாது, ஸ்டேப்ளர் கூடாது,
குண்டூசி கூடவே கூடாது.
சுருட்டும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுவேன்.

ரப்பர் பேண்டெல்லாம் நாசி பொட்டலத்தில் வந்தவை,
சோப்புப் போட்டு அலசி மைலோ டின்னில் சேர்த்தவை.

அடித்தட்டுக்கு முப்பத்தாறு, நடுவுக்குப் பதினெட்டு,
நட்டநடுவே நிமிர்ந்து நிற்க ஒரு கிச்சன் பேப்பர் உருளை.
மிச்சம் எட்டில்தான் லோரி.

ஆமாம், லோரி.
முயலும் வேண்டாம், யானையும் வேண்டாம் என்றுவிட்டாள் ஹேமலோச்சனி.
"அவரு ஓட்டுற செம்பனை லோரிதான் வேணும்க்கா,
குலையோட."
குலைக்கு நான் பட்ட பாடு!
கடைசியில் ஆ ஹோக் கடையில்
ஆரஞ்சு நிறக் குட்டிக் காலுறை ஐந்து ஜோடி.
பந்தாகச் சுருட்டி
துண்டால் செய்த பெட்டியில் ஏற்றினேன்.
மில்லுக்குப் போகிற பாரம் மாதிரியே இருந்தது.

அளவு மட்டும் எம்.
எஸ் வாங்க மாட்டேன்.
கேக்கை யாரும் உடனே பிரிப்பதில்லை,
கண்ணாடித் தாளோடு ஷோகேஸில் வைத்து அழகு பார்ப்பார்கள்,
பார்த்து முடிப்பதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.
பதினோரு கேக் செய்த அனுபவம் எனக்கு.

வளைகாப்பன்று லாபிஸ் மண்டபத்தில்
மாமியார் வாசலிலேயே மறித்தார்.
"பொறக்காத பிள்ளைக்குச் சாமான் வாங்கி
வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது."
"இது சாமான் இல்லம்மா, கேக்கு."
"கேக்குன்னா வெட்டு பார்ப்போம்."

சிரிப்பு அடங்கியபின் தீர்ப்பு வந்தது:
படம் பிடிக்கலாம்,
கேக் மட்டும் வந்த காரிலேயே திரும்பிப் போகட்டும்,
பிள்ளை பிறக்கும்வரை செய்தவள் வீட்டில் இருக்கட்டும்.

இரண்டு மாதம் என் பிரிட்ஜ் மேல் லோரி.
என் வீட்டுக்காரர் நாலு நம்பர் சீட்டு வைக்கும் இடம் அது.
"இன்னும் பொறக்கலையா?" என்பார்
தினமும், ஐஸ் தண்ணீர் எடுக்கும்போது.

டிசம்பர் மழை விடாமல் அடித்த வாரம்
சிகாமாட் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை,
மூன்று வாரம் முந்தி.
தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள்
பாலத்தருகே சாலை முழுகியது.
டவுன் கடையெல்லாம் ஷட்டர் இறக்கிவிட்டது.

இரவு ஒன்பதரைக்கு என் கேட்டருகே ஹாரன்.
குணாளன்.
அச்சு உயர்ந்த லோரி, சக்கரம் பாதிவரை சேறு.
"அக்கா, கேக்கு இருக்கா?"

முன் இருக்கையில் தூக்கி வைத்து
பெல்ட்டையும் மாட்டினான்.
தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது
லோரிக்குள் ஒரு லோரி.

அதன்பின் போனில் குரல் குரலாக வந்தது.
"சக்கரம் ஆறும் முடிஞ்சதுக்கா."
"எம் அளவு ரொம்பப் பெரிசு,
கக்கம்வரைக்கும் ஏத்திக் கட்டுறோம்."
"அத்தைதான் பிரிக்கிறாங்க, யாரையும் தொட விடல."
"அடித்தட்டுக்கு வந்துட்டோம்."
"அந்தப் பேப்பர் உருளை நல்லவேளை,
வாசல் சேத்தை அதாலதான் துடைச்சோம்."
படம் ஒன்றும் வந்தது:
பத்துக் குலையில் இரண்டு
காலில் ஏறி நிற்கின்றன.

ஆறாம் நாள் தண்ணீர் வடிந்தது.
ஏழாம் நாள் மாமியாரே வந்தார்,
மீதி அறுபது வெள்ளியும்
ஒரு பிளாஸ்டிக் பையும் கையில்.
பை நிறைய ரப்பர் பேண்ட்.
அறுபத்தொன்று. எண்ணிப் பார்த்தேன்.

"ஒண்ணு என் தலைமுடியில இருக்கு," என்றார்,
"அடுத்ததுக்கு எஸ் போடு."